எலுமிச்சையிடம் எவ்வளவு கேட்கலாம்? – வடசென்னை வீடுகளின் கைவைத்தியம் பற்றி ஓர் ஆய்வு

1794-ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘சஃபோக்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் சென்னைக் கடலில் நங்கூரம் பாய்ச்சியது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நிற்கும். மசூலாப் படகுகள்தான் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும். கில்பர்ட் பிளேன் என்ற கடற்படை மருத்துவர் எழுதிவைத்த கணக்குப்படி, அந்தக் கப்பல் 23 வாரம் எந்தக் கரையையும் தொடாமல் வந்திருந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு நீண்ட பயணம் என்றால் ஈறு அழுகி, பழைய புண்கள் திறந்து, மாலுமிகள் கொத்துக்கொத்தாகச் சாவார்கள். ஸ்கர்வி என்ற அந்த நோய், எதிரியின் பீரங்கியைவிட அதிகம் பேரைக் கொன்றது. சஃபோக்கில் அந்த நோய்க்கு ஒருவரும் பலியாகவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 மில்லி எலுமிச்சைச் சாறு, சர்க்கரையும் சாராயமும் கலந்து கொடுக்கப்பட்டது. வழியில் சிலருக்கு அறிகுறி தெரிந்தபோது சாற்றின் அளவைக் கூட்டினார்கள், அறிகுறி மறைந்தது. மறு ஆண்டே பிரிட்டிஷ் கடற்படை முழுவதற்கும் எலுமிச்சைச் சாறு வழங்குவதென்று முடிவானது.

ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்த சோதனையை எல்லோரும் சொல்வார்கள். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் எழுந்து நடந்தார்கள். ஆனால் லிண்டின் கண்டுபிடிப்பு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதை அதிகாரிகள் நம்பும்படி செய்ததில் சென்னைக்கு வந்த இந்தப் பயணத்துக்கும் பங்கு உண்டு. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இன்று ஒவ்வொரு பெட்டிக்கடை வாசலிலும் தட்டில் குவிந்திருக்கும் பழம், மருத்துவ வரலாற்றில் தன் பெயரைப் பதித்ததில் இந்தக் கடலோரத்துக்கும் இடம் உண்டு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்தப் பெருமையே ஒரு சிக்கலையும் உண்டாக்கிவிட்டது. ஒரு நோயைத் தீர்த்த பழம் எல்லா நோயையும் தீர்க்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஊறியிருக்கிறது. தலைசுற்றலா, எலுமிச்சை. காமாலையா, எலுமிச்சை. முள் சிக்கியதா, நகச்சுத்தியா, கல்லடைப்பா, எலுமிச்சை. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் காற்றும் தண்ணீரும் கெட்டுப்போய், மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று தயங்கும் குடும்பங்களில் இந்த நம்பிக்கைக்கு வலு அதிகம். ஆகவே எது உண்மை, எது பாதி உண்மை, எது ஆபத்து என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவசியம்.

முதலில் வைட்டமின் சி. எலுமிச்சைச் சாற்றில் 100 மில்லிக்கு 30 முதல் 50 மில்லிகிராம்வரை இருக்கும். நெல்லூர்ப் பக்கத்துக் கூடூரிலிருந்தோ, தென்காசிப் பக்கத்துப் புளியங்குடியிலிருந்தோ வரும் மெல்லிய தோல் பழம் ஒன்றைப் பிழிந்தால் 20 மில்லி கிடைக்கலாம். அதாவது ஒரு பழத்துக்கு 6 முதல் 10 மில்லிகிராம். ஸ்கர்வி வராமல் தடுக்க ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமே போதும். சஃபோக் மாலுமிகள் பிழைத்த கணக்கு இதுதான். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். எலுமிச்சையை மட்டும் நம்பினால் ஓர் ஆணுக்குத் தினம் எட்டுப் பழமாவது பிழிய வேண்டியிருக்கும். கொய்யாவிலோ 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நெல்லிக்காயும் அப்படித்தான். தள்ளுவண்டியில் உப்பு மிளகாய்த்தூள் தூவித் தரும் பாதிக் கொய்யா அன்றைய தேவையை முடித்துவிடும். ‘எதிர்ப்புச் சக்திக்கு எலுமிச்சை’ என்று சொல்பவர்களிடம் கொய்யா வாங்கச் சொல்லலாம்.

ரத்தசோகைக்கு இது உதவும், ஆனால் அளவோடு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தைக் குடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் புளிப்பும் வைட்டமின் சி-யும் சேர்ந்தால் ஏற்பு கூடும். ஆடி மாதக் கூழோடும் கீரைப் பொரியலோடும் ஒரு பழத்தைப் பிழிந்துகொள்வது நல்ல பழக்கம். சாப்பிட்டதும் தேநீர் குடித்தால் இந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஆனால் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை விட்டுவிட்டு எலுமிச்சையை நம்புவது தவறு. மாத்திரையோடு வைட்டமின் சி சேர்ப்பதால் கூடுதல் பலன் ஏதும் இல்லை என்று 2020-இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. உணவில் இருக்கும் இரும்புக்கு எலுமிச்சை துணை. சோகை வந்தபின் மாத்திரைதான் மருந்து.

வயிற்றுப்போக்கு, வாந்தி விஷயத்தில் நம் பாட்டிமார் பாதி சரி. குழாயில் கழிவுநீர் கலந்து வந்த நாட்களில் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையின் பெயரைக் கேட்டு அஞ்சாத குடும்பம் வடசென்னையில் குறைவு. வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. 1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் பாத்திரம் பாத்திரமாகக் குடிக்கக் கொடுத்து, முப்பது சதவீதமாக இருந்த சாவை நாலு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். அரைப் பழம் பிழிந்தால் கொஞ்சம் பொட்டாசியம் சேரும், குமட்டுகிறவரும் முகம் சுளிக்காமல் குடிப்பார். உயிரைக் காப்பது தண்ணீரும் உப்பும் சர்க்கரையும். எலுமிச்சை அதை இறங்கவைக்கிறது. உப்புக் கண்ணளவில் கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் அளவில் அலட்சியம் கூடாது.

தண்ணீரைச் சுத்தம் செய்ய எலுமிச்சை பிழிந்தால் போதும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிஸாவில் 1990-களில் காலரா பரவியபோது, சோற்றுக்கான குழம்பில் எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சாப்பிட்டவர்களை அந்த நோய் குறைவாகவே தாக்கியது. காலராக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது. ஆனால் மஞ்சள் காமாலையைக் கொண்டுவருபவை வைரஸ்கள். எலுமிச்சைச் சாறு கலந்து வெயிலில் வைத்த தண்ணீரில் குடல் பாக்டீரியா வெகுவாகக் குறைந்தது, வைரஸ் அப்படிக் குறையவில்லை என்று 2012-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. கலங்கல் தண்ணீர் வந்தால் கொதிக்கவைப்பதே வழி.

மீன் இல்லாமல் இந்தப் பகுதியைப் பற்றி எழுத முடியாது. மீன் கழுவிய கையில் எலுமிச்சை தேய்த்தால் வாடை போவது வெறும் நம்பிக்கையல்ல. மீன் நாற்றத்துக்குக் காரணமான அமீன் எனும் பொருள்கள் காரத்தன்மை உள்ளவை, அமிலம் பட்டதும் ஆவியாகாத உப்பாக மாறிவிடும். இந்த அளவில் எலுமிச்சை வெகு சரியாக வேலை செய்கிறது. இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கும் போய்விடுகிறோம். பனிக்கட்டி சரியாகப் போடாமல் வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். தின்ற ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிக்கும். எலுமிச்சையில் ஊறவைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அது அழியாது. வாடையை மறைத்துவிட்டால் மீன் நல்லதாகிவிடாது. கெட்டதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தைத்தான் இழந்துவிடுகிறோம்.

தொண்டையில் முள் சிக்கினால் எலுமிச்சைச் சாறு முள்ளைக் கரைக்கும் என்பார்கள். நாள் கணக்கில் ஊறினால் எலும்பு இளகும். விழுங்கும் நொடிப்பொழுதில் ஒன்றும் ஆகாது. சோற்று உருண்டையை விழுங்கி முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைப்பதும் நடக்கிறது. குத்தல் நிற்காவிட்டால், எச்சில் விழுங்கவே முடியாவிட்டால், ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடத்தில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். பார்த்து எடுப்பது அவர்களுக்குச் சில நிமிட வேலை.

நகச்சுத்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ் வீடுகளில் இதற்குப் பழகிப்போன வைத்தியம் ஒன்று உண்டு: பழத்தில் துளை போட்டு, மஞ்சள் தூளோ சுண்ணாம்போ வைத்து, வீங்கிய விரலில் தொப்பிபோலச் செருகிவிடுவார்கள். குளிர்ச்சி வலியைக் கொஞ்சம் ஆற்றும். புளிப்பு, தோலின் மேலிருக்கும் சில கிருமிகளைத் தடுக்கும். ஆனால் நகக்கண்ணுக்கு அடியில் இருக்கும் கிருமியை அது எட்டாது. தொடக்கத்தில் வெதுவெதுப்பான நீரில் விரலை அடிக்கடி ஊறவைத்தாலே பல நகச்சுத்திகள் வடிந்துவிடும். பழத்துக்குப் போகும் பெயர் பெரும்பாலும் இந்தத் தானாக ஆறும் இயல்புக்குச் சேர வேண்டியது. சீழ் கட்டிவிட்டால் கீறி வெளியேற்றாமல் ஆறாது. வீங்கிய விரலில் பழத்தை இறுக்கமாகச் செருகி இரவு முழுக்க விடுவது ரத்த ஓட்டத்தையும் கெடுக்கும்.

காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்கள், வலை சீர்செய்பவர்கள், இறால் உரிப்பவர்கள் ஆகியோருக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. செதிலும் முள்ளும் குத்திய விரலில் ஊதா கலந்த சிவப்பாகப் பரவும் ஒரு தொற்று, மீனைக் கையாளுகிறவர்களிடம் உலகெங்கும் காணப்படுவது. பென்சிலினுக்கு நன்றாகக் கட்டுப்படும். மாதக்கணக்கில் ஆறாமல் கட்டிகட்டியாக வரும் இன்னொன்று காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமியால் வருவது; அதற்கு நீண்ட சிகிச்சை வேண்டும். கூடவே சர்க்கரை நோயும் இருந்தால் வலிகூடச் சரியாகத் தெரியாது. “எலுமிச்சம்பழம் சொருகியிருக்கேன், சரியாயிடும்” என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டு விரலையே இழப்பது தவிர்க்கக்கூடிய துயரம். இரண்டு நாளில் வீக்கம் குறையாவிட்டால், சிவப்பு கைப்பக்கம் ஏறினால், காய்ச்சல் வந்தால், பழத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தோலில் தேய்ப்பதிலும் நம் கவனத்துக்கு வராத ஒன்று உண்டு. பட்டறையில் கிரீஸ் படிந்த கையை எலுமிச்சைத் தோலால் தேய்க்கும் வழக்கம் பரவலானது. 2017 ஜனவரியில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியபோதும், கையாலேயே வாளியில் அள்ளியவர்களைப் படங்களில் பார்த்தோம். அந்த எண்ணெயைப் போக்கவும் எலுமிச்சைத் தோலைத் தேய்க்கத் தோன்றலாம். ஆனால் அதில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் நெருப்புச் சுட்டதுபோல் கொப்புளம் எழுப்பும். தழும்பு மாதக்கணக்கில் கருத்துக் கிடக்கும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் அதைத் தேய்த்துக்கொள்ளவே கூடாது. எண்ணெய்க் கழிவை எடுக்கச் சமையல் எண்ணெயைத் தடவித் துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவதே பாதுகாப்பு. முகம் வெளுக்க எலுமிச்சை பூசுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் உர ஆலை ஒன்றுக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் நள்ளிரவில் தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா காரம், எலுமிச்சை அமிலம், ஒன்றை ஒன்று முறிக்கும் என்று பள்ளிப் பாடத்தை வைத்து யாராவது நினைத்தால் பெரும் கேடு விளையும். அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் பிறக்கும். எரிந்த தோலிலும் கண்ணிலும் சாறு படுவது புண்ணை ஆழமாக்கும். வாயு வந்த திசைக்குக் குறுக்கே விலகிப் போவதும், கண்ணையும் தோலையும் நல்ல தண்ணீரில் கால்மணி நேரமாவது விடாமல் கழுவுவதும், உடனே மருத்துவமனைக்குப் போவதும்தான் முதலுதவி. இதை அந்தக் குப்பங்களின் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்படி சொல்ல வேண்டியது அரசும் ஆலைகளும்.

அதேபோல் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசும் நுரையீரலில் படிந்ததை எந்தச் சாறும் கழுவி எடுக்காது. குடிப்பது வயிற்றுக்குப் போகிறது, மூச்சுக்குழலுக்கு அல்ல. இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் வெந்நீரும் இதமாக இருக்கும். அதில் பலன் தருவது முக்கியமாகத் தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை தேவை. காசநோய் மருந்து அரசு நிலையங்களில் இலவசம்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சை வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்பதற்கு ஆதாரமில்லை. இரவு ஷிப்ட் முடிந்து பட்டினியாக வருகிறவரின் வயிற்றெரிச்சல் கூடுவதற்கு வாய்ப்பு உண்டு. ரொட்டியோடு எலுமிச்சைச் சாறு குடித்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரையின் உச்சம் முப்பது சதவீதம் குறைந்ததாக ஒரு பிரெஞ்சு ஆய்வு உண்டு. நல்ல செய்திதான், ஆனால் அது ஆரோக்கியமானவர்களிடம் செய்தது, சர்க்கரை மாத்திரைக்கு மாற்றல்ல. புளிப்பு பல்லின் மேற்பூச்சை அரிக்கும். குடித்ததும் வாய் கொப்பளித்து, பல் துலக்க அரைமணி பொறுப்பது நல்லது. மனநோயாளியின் தலையில் எலுமிச்சை தேய்ப்பதை இன்றும் செய்கிறார்கள். அவரைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவைக்கும் எதையும் நான் வைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

எலுமிச்சை தன் முழு மதிப்பைக் காட்டும் இடம் வெயில். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, கேபினுக்குள் வெந்துகொண்டிருக்கும் ஓட்டுநர், வெல்டிங் செய்பவர், வார்ப்பாலையில் உலைக்கு முன் நிற்பவர். கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டர்வரை வியர்வை போகலாம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் இப்படி வெயிலிலும் சூட்டிலும் உழைப்பவர்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல பானம்: நீரும் உப்பும் உள்ளே போகின்றன, புளிப்பு இன்னொரு டம்ளர் குடிக்கத் தூண்டுகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பில் கவனமாக இருக்க வேண்டும். வெயிலில் நினைவு தப்பி விழுந்தவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது. நிழலுக்கு மாற்றி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியபடி 108-ஐ அழைக்க வேண்டும்.

ஜூஸில் போடும் ஐஸைப் பார்த்து வாங்குங்கள். மீனுக்குப் போடும் பனிக்கட்டி குடிக்கத் தகுந்ததாக இருக்கும் என்று நம்ப முடியாது. சாப்பிடத் தகாத ஐஸை நீல நிறம் கலந்தே விற்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதி கொண்டுவந்தது, இரண்டும் கலந்துவிடாமல் இருக்கத்தான். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் இந்த விதி கண்டிப்பாக நடக்கிறதா என்று கேட்கும் உரிமை ஜூஸ் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

வெயிலில் வேலை செய்கிறவர்களைத் துரத்தும் இன்னொரு தொல்லை சிறுநீரகக் கல். இத்தாலியக் கண்ணாடி ஆலை ஒன்றைப் பற்றி 1993-இல் வெளியான ஆய்வில், சூட்டில் வேலை செய்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்குக் கல் இருந்தது. சாதாரண வெப்பத்தில் இருந்தவர்களில் 2.4 சதவீதம்தான். வியர்வை கூடினால் சிறுநீர் சுண்டி, கால்சியம் உப்புகள் படிகமாகின்றன. எலுமிச்சையின் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு படிகமாகாமல் தடுக்கும். நம் ஊர்ச் சிறிய எலுமிச்சை இதில் மேல்நாட்டுப் பெரிய பழத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 120 மில்லி, அதாவது ஆறு பழச் சாறு. 2022-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 203 பேரை இரண்டு ஆண்டு கவனித்தார்கள். மீண்டும் கல் வருவது குறைவதுபோல் தெரிந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வயிற்றுத் தொல்லையால் பலர் இடையில் விட்டுவிட்டார்கள். வந்துவிட்ட கல்லை எலுமிச்சை கரைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. தண்ணீருக்கோ வலுவான சான்று உண்டு: தினம் இரண்டு லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் ஐந்தாண்டில் 12 சதவீதம் பேருக்கே கல் திரும்பியது, குடிக்காதவர்களில் 27 சதவீதம்.

ஆக, கேள்வி பழத்திலிருந்து தண்ணீருக்கு வந்து நிற்கிறது. தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். போக இடம் வேண்டும். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருந்து, வெப்பத்தாலும் சிறுநீர்த் தொற்றாலும் அவதிப்படுவதை, சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தென்னிந்தியத் தொழிலிடங்களில் ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். விடியற்காலை ஏலத்துக்கு வந்து உச்சிவெயில்வரை கூடைக்கு முன் உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மாவுக்கு “நிறையத் தண்ணி குடிங்க, எலுமிச்சை பிழிஞ்சுக்குங்க” என்று சொல்வது எளிது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. மீன்சந்தைக்கும் சாலையோர லாரி வரிசைக்கும் அந்தச் சட்டத்தின் நிழல் எட்டவில்லை. கோடைதோறும் தொழிலாளர்களுக்கு மோரும் எலுமிச்சைச் சாறும் வழங்கும் அமைப்புகளின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். அவர்கள் அடுத்த கோடைக்கு முன் மாநகராட்சியிடமும் துறைமுக நிர்வாகங்களிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை, சந்தைக்கும் லாரி நிறுத்தத்துக்கும் நடந்துபோகும் தூரத்தில், பெண்கள் அச்சமின்றிப் போய்வரக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறையும் பக்கத்திலேயே குடிநீர்க் குழாயும்.